முகமூடி வீட்டின் உச்சி ஜன்னல்

நான் ஓய்வுபெற்ற பிறகும் நம் கம்பெனி வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் நீக்காமல் வைத்திருக்கிறீர்கள். மறந்துவிட்டீர்களா, மரியாதைக்காக விட்டுவைத்திருக்கிறீர்களா தெரியவில்லை. எதுவானாலும் நன்றி. காலையில் காபியோடு உங்கள் சண்டைகளைப் படிப்பதுதான் இப்போது என் டியூட்டி.

போன வாரம் உங்களில் ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். 'அலங்கார முகப்புக்குப் பின்னால் ஆள் நடக்கும் பலகை இருந்தால், அந்த மட்டத்தில் ஒரு ஜன்னலாவது ஐம்பத்தாறு சென்டிமீட்டருக்குக் குறையாமல் திறக்க வேண்டும் என்று நம் வரைபடக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறதே, யார் எழுதியது? உச்சி மாடியின் அழகையே கெடுக்கிறது.' கீழே ஏழெட்டுப் பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தீர்கள். ஒருவர், யாரோ பழைய ஆள் டேப்பைத் தலைகீழாகப் பிடித்து அளந்திருப்பார் என்று எழுதியிருந்தார். அந்தப் பழைய ஆள் நான்தான். டேப்பைப் பிடித்தது மட்டும் வேறொருவர். கோபத்தில் அப்போதே ஒரு பதில் தட்டினேன், பிறகு அழித்துவிட்டேன். இந்த விஷயம் நாலு வரியில் சொல்லக்கூடியது அல்ல.

உங்களில் பாதிப் பேர் இந்தத் தொழிலுக்கு வந்ததே காமிக்ஸில் வரும் முகமூடி போட்ட வீரர்களின் வீட்டைக் கட்டும் ஆசையில்தான் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி ஒரு வீட்டைக் கட்டியிருக்கிறேன். எந்த வீரன், எந்தக் கேளிக்கைப் பூங்கா, எந்த எமிரேட் என்று கேட்காதீர்கள். ரகசியம் காப்பேன் என்று அன்று நான் கையெழுத்துப் போட்ட காகிதம் இன்னும் யாரோ ஒருவரின் அலமாரியில் உயிரோடு இருக்கிறது. எங்களுக்குள் அவனை 'முகமூடி' என்றுதான் சொல்வோம். அவனுடைய தலைமையகத்தை, பாலைவனச் சாலையோரத்தில் ஒரு பெரிய மூடிய மண்டபத்துக்குள் எழுப்பினோம். பூங்காவின் மற்ற பகுதிகள் பக்கத்து மண்டபங்களில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன.

எங்கள் மண்டபத்துக்குள் எப்போதும் மாலை ஆறரை மணிதான். வெளியே நண்பகல் வெயில் காரின் கைப்பிடியைத் தொட முடியாமல் காய்ச்சிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்து உள்ளே வந்தால் ஒரு நகரத்துத் தெரு, மேலே ஊதாவும் ஆரஞ்சும் கலந்த வானம், அதில் நகராத மேகங்கள். வானம் என்றால் துணியும் விளக்கும்தான். அதைத் தைத்தவர்களை எனக்குத் தெரியும், முவைலா என்ற பகுதியில் நான் இருந்த அதே கட்டடத்தில்தான் இருந்தார்கள். இருந்தாலும் அதற்குக் கீழே நின்றால் எனக்கு மனசு இளகும். இதோ இருட்டப்போகிறது, யாரோ வீட்டுக்குக் கூப்பிடப்போகிறார்கள் என்று தோன்றும். இருட்டவே இருட்டாது. சாப்பாட்டு நேரத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தத் தெருவில் வெறுமனே நடப்பேன். அந்த அரைமணி நேரம் எனக்கு வயதே கிடையாது.

தெருவின் முடிவில் முகமூடியின் கோட்டை. நடுவில் அரைவட்ட முகப்பு, அதற்கு மேல் படிப்படியாக உள்வாங்கிப்போகும் கோபுரம், உச்சியில் இறக்கை விரித்த சின்னம். மேடத்தின் அறைச் சுவரில் இதற்கான படங்கள் ஒட்டியிருந்தன. ஒன்றுகூட முகமூடியின் படம் அல்ல. எல்லாம் நிஜக் கட்டடங்கள். ஒரு பழைய ரயில் நிலையத்தின் அரைவட்ட முகம், பாறையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கான்கிரீட் வீடு, கைவிடப்பட்ட ஒரு சுரங்க ரயில் பாதை, ஒரு மண் கோட்டை.

மேடம் என்று நான் சொல்வது எங்கள் கலை இயக்குநரை. யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வளர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் இந்தத் தொழிலில் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர் அவர்தான். பெயர் சொல்வதை விரும்பமாட்டார்.

"அண்ணை, உந்த வீரர்களின்ட வீடுகளைக் கீறின ஆக்கள் ஒண்டும் வானத்தில இருந்து இறங்கேல்லை" என்றார் முதல் நாளே. கீறுவது என்றால் அவர் பேச்சில் வரைவது. "வாடகை அறையில இருந்து, யன்னலுக்கு வெளியில தெரிஞ்சதைக் கீறினவை. அவ்வளவுதான்."

ஒரு நகரத்தில், தெருவுக்கு வெளிச்சம் விழவேண்டும் என்பதற்காக, உயரப்போகும் மாடிகளைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டு என்று சட்டம் போட்டார்களாம். அதனால் வந்ததுதான் அந்தப் படிகள். பிறகு வரைகிறவர்கள் அந்தப் படிகளில் முகமூடிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தெருவில் நடப்பவனுக்கு வெளிச்சம் கிடைக்கட்டும் என்று விட்ட இடத்தில் வீரன் வந்து நின்றான் என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இப்போதும் சில மதியங்களில் கண்ணை மூடினால் அந்தப் படிகள் வரும்.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

நான் நிஜக் கட்டடத்திலிருந்து வந்தவன். அல் கோபார் நகரத்தில் வில்லாக்கள், ஒரு மருத்துவமனை, இரண்டு பள்ளிக்கூடம் என்று கதவும் ஜன்னலுமாகவே என் இளமை போனது. அங்கே ஒருமுறை வரைபடத்தில் மூன்றாம் மாடி ஜன்னல்கள் மட்டும் சிறியதாக வந்திருந்தன. யாரோ அளவை மாற்றி ஒட்டிவிட்டார்கள். நான் கண்டுபிடித்தேன். பெரிய எஞ்சினியர் எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டு என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

முகமூடி வீட்டின் வரைபடம் வந்தபோது பார்க்கிறேன், கீழ் மாடி ஜன்னல் ஒரு மீட்டர் அகலம். அடுத்த மாடியில் அதைவிடச் சின்னது. அதற்கு மேலே இன்னும் சின்னது. உச்சியில் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். எனக்குச் சிரிப்பு வந்தது. மறுபடியும் அதே தப்பு, மறுபடியும் நான்! யாரையும் கேட்காமல், எல்லா மாடிக்கும் ஒரே அளவு என்று பட்டறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் தச்சு ஃபோர்மேன் கருப்பையா, சிவகங்கைப் பக்கத்துக்காரர். பேச்சுக் குறைவு. பட்டியலை இரண்டு தடவை பார்த்தார்.

"ஏண்ணே, டிராயிங்ல வேற மாதிரியில்ல இருக்கு?"

"டிராயிங் தப்பு. நீங்க அடிங்க."

"மேடத்துக்கிட்ட ஒரு வார்த்த..."

"நான் பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல?"

நாற்பத்தெட்டுச் சட்டங்கள். கருப்பையாவின் ஆட்கள் இழைத்து, வண்ணம் பூசி, மேலே ஏற்றி மாட்டினார்கள். மூடியிருந்த துணியை இறக்கிய அன்று மேடம் தெருவின் நடுவில், தரையில் நட்சத்திரம் பதித்த இடத்தில் வந்து நின்றார். வருகிறவர்கள் படமெடுக்க நிற்கும் இடம் அது. அங்கிருந்து பார்க்கும்போதுதான் கணக்கெல்லாம் சரியாக விழும். மேடம் கத்தவில்லை. தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணை, உந்தக் கட்டடம் குந்திக்கொண்டிருக்குது. நான் நிக்கிற கட்டடம் கேட்டனான்."

நானும் பார்த்தேன். குந்திக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்கு மண்டபத்தில் கிடைத்தது ஐந்து மாடி உயரம். அதை இருபது மாடியாகக் காட்ட வேண்டும் என்பதற்காக, தூரத்தில் போகும் பொருள் சிறுத்துத் தெரிவதைப் போல மேலே போகப்போக எல்லாவற்றையும் சுருக்கியிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிட்டேன். இருபது மாடிக் கோட்டையை ஒரு கல்யாண மண்டபமாக ஆக்கிவிட்டேன்.

"பிழையைத் திருத்தினதெண்டு நினைச்சிட்டியள்" என்றார் மேடம். "அது பிழையில்லை அண்ணை, பொய். ரெண்டும் வேற."

எனக்கு முகம் எரிந்தது. இந்த வயதில் இப்படி ஒரு அவமானம் தேவையா என்று அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பொருமிக்கொண்டிருந்தேன். அவர் திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கருப்பையாவையும் காரில் ஏற்றிக்கொண்டு அல் ஐனுக்குப் போனார். அங்கே பேரீச்சந் தோப்புக்குப் பக்கத்தில் ஒரு மண் கோட்டை. வட்டமான ஒரு காவல் கோபுரம், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வட்டங்கள், மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. காற்றில் ஈர மண் வாசனை. தோப்பின் வாய்க்காலில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். நாங்கள் மூன்று பேரும் அந்த நிழலில் நின்றோம். நேரம் எங்கோ போய்விட்டதைப் போல இருந்தது.

கருப்பையாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"இது நம்ம கோபுரம்ல?"

மேடம் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா மேடம். எங்க ஊர்ல கும்பாபிஷேகத்துக்குச் சாரம் கட்ட நான் உள்ளுக்குள்ள ஏறியிருக்கேன். ஒவ்வொரு நெலையிலயும் ஒரு வாசல் இருக்கும். மேல போகப் போக வாசல் சின்னதாயிரும். கீழ நின்னு பாத்தா வானத்துக்குப் போற மாதிரி இருக்கும். கடைசி நெலையில தவந்துதான் வெளிய வரணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார். "ஆனா வந்துரலாம்."

பிறந்ததிலிருந்து கோபுரத்தைப் பார்க்கிற ஊர்க்காரன் நானும்தான். எங்கள் தெருவில் மாதா கோவில் கோபுரம் இருந்தது, பஸ் ஏறினால் பெரிய கோவில் கோபுரமும் தெரியும். இரண்டும் மேலே சிறுத்துக்கொண்டுதான் போயின. ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. அங்கே நின்றுகொண்டு எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது.

சட்டங்களை எல்லாம் மறுபடி செய்தோம். மூன்று வாரம் ஒரு நாள்கூட லீவு இல்லை. கருப்பையா ஒரு சொல் சொல்லிக் காட்டவில்லை. கோட்டை எழுந்து நின்றது. அந்தப் பொய் வானத்துக்குக் கீழே அது மேலே, மேலே போய்க்கொண்டே இருந்தது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் என்று நினைத்து, வலிப்பதற்கு முன்பே கை கழுத்துக்குப் போகும்.

இந்த நேரத்தில்தான் ஏணி விவகாரம் வந்தது. முகப்புக்குப் பின்னால், ஜன்னல்களின் விளக்குகளைப் பார்த்துக்கொள்வதற்காக ஒவ்வொரு மட்டத்திலும் நடைபலகை உண்டு. ஏறி இறங்க இருபக்கமும் ஏணிகள். குளிர்காற்றுக் குழாய் வந்து இடித்ததால் ஒருபக்க ஏணியை எடுத்துவிட்டார்கள். வேறு இடம் பார்த்து வைப்போம் என்றார்கள். வைக்கவில்லை. கருப்பையா ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கருப்பையா?"

"ஒத்த ஏணிதாண்ணே இருக்கு. அது பக்கம் ஏதாச்சும் ஒண்ணுன்னா, மேல உள்ளவன் எப்புடி வருவான்?"

"என்ன ஆகப்போகுது?"

"உச்சி சன்னல்ல ஒண்ணு ஆளு வர்ற மாதிரி இருந்தா நல்லதுண்ணே. நம்ம கோபுரம் மாதிரி."

நான் மேடத்திடம் போனேன். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். அன்று நான் போனது யாருடைய உயிரையும் நினைத்து அல்ல. நாற்பத்தெட்டுச் சட்டத்தில் போன என் மானத்தை ஒரே ஒரு சட்டத்திலாவது திருப்பி வாங்கிவிட வேண்டும் என்ற ரோஷம். காரணம் கருப்பையாவுடையது, பிடிவாதம் மட்டும்தான் என்னுடையது.

"அண்ணை, உச்சியில ஒரு யன்னல் அகலமாப் போனா முழுக் கட்டடமும் சுருங்கிப்போம்" என்றார் மேடம். "கண் நேர அங்கதான் போகும்."

"ஒரு ஏணி போயிருச்சு மேடம். உள்ள ஒரு ஆள் இருந்தா எப்படி வெளிய வருவான்?"

"உள்ள ஆரும் இருக்கமாட்டினம். விளக்கு மாத்தப் போவினம்."

"போனவன் வரணும்ல?"

மூன்று நாள் சண்டை. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். அழகு என்பது அவருக்கு விளையாட்டு அல்ல. அந்தத் தெருவில் வந்து நிற்கிறவர்களுக்கு ஒரு நிமிடமாவது நிஜமாகவே வானம் உயர வேண்டும், அதற்காகத்தான் அவர் சாப்பிடாமல் தூங்காமல் உழைத்தார். மூன்றாம் நாள் நான் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பழைய அவமானம் மட்டும் விடவில்லை. கடைசியில் அவர் பென்சிலை மேசையில் எறிந்தார்.

"ஒண்டு. ஒண்டே ஒண்டு. சின்னத்தின்ட நிழல் விழுற இடத்தில. எனக்குப் பாக்கவே வேண்டாம்."

எவ்வளவு அகலம் என்ற கேள்வி வந்தது. எங்கள் ஆட்களில் பெரிய உடம்புக்காரன் ஒரு எலக்ட்ரீஷியன். தூத்துக்குடிக் கடற்கரைக்காரன், என் ஊர். அப்பாவோடு சின்ன வயதில் வலை இழுத்த தோள். எல்லாரும் அவனைத் தூண் என்றுதான் கூப்பிடுவோம். உச்சி மாடி விளக்குகள் அவன் பொறுப்பு. கருப்பையா அவனைக் கூப்பிட்டு, சுவரோரம் நிற்கவைத்து, ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு டேப்பைப் பிடித்தார்.

"சட்டை தைக்கவா அண்ணாச்சி அளக்கிய?" என்றான் தூண். "முழுக்கையா வையுங்க. ஏசி குளுருது."

"அசையாம நில்லுடா." எதற்கு இந்த அளவு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

ஐம்பத்திரண்டு. கருப்பையா இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் விட்டு, ஐம்பத்தாறு என்று பலகையில் எழுதினார்.

"ஐம்பத்துமூணு போதாதா?" என்றேன். மேடத்திடம் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நான்தானே பதில் சொல்ல வேண்டும்.

"பயந்த ஆளு நேரா வரமாட்டாண்ணே" என்றார் கருப்பையா. "கோணிக்கிட்டுத்தான் வருவான்."

அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் அவரே கீல் வைத்து, உள்ளே ஒரு தாழ்ப்பாளும் வைத்தார். நட்சத்திரத்தில் நின்று பார்த்தால் நிழலுக்குள் அது தெரியவில்லை. மேடத்துக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு தடவை தெருவுக்குள் வரும்போதும் அவர் கண் அங்கே போய் ஒரு முறை சுளித்துக்கொண்டு திரும்பும். எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. இப்படியும் ஒரு மனுஷன்.

முதலாளி தரப்பிலிருந்து பார்வையிட வந்த நாள். காலை பதினொரு மணி. உள்ளே வழக்கம்போல ஆறரை. வெள்ளை அங்கிக்காரர்களும் கோட்டு போட்டவர்களுமாக முப்பது பேர் நட்சத்திரத்தைச் சுற்றி நின்றார்கள். எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், என்ன நடந்தாலும் வெள்ளை விளக்கைப் போடக் கூடாது. வெள்ளை விளக்கு என்பது வேலை நேரத்துக்கான பெரிய விளக்குகள். அது எரிந்தால் வானம் துணியாகிவிடும், மேகங்களுக்குப் பின்னால் குழாயும் கம்பியும் பல்லைக் காட்டும். அந்த சுவிட்ச், தெருவோரத்துப் பொய்ப் பத்திரிகைக் கடைக்குள் இருந்தது. அதன் பக்கத்தில் நான்.

உச்சி மாடியில் ஒரு விளக்கு காலையிலிருந்து கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. தூணை மேலே அனுப்பி, காட்சி முடியும்வரை அங்கேயே சத்தமில்லாமல் உட்காரச் சொன்னது நான்தான்.

இசை எழுந்தது. கோட்டையின் காலடியில் பனிமூட்டம் விட்டோம். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. வந்தவர்களின் முகங்கள் எல்லாம் அண்ணாந்தன. அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு நானும் ஒரு கணம் சொக்கித்தான் நின்றேன். பனிமூட்டம் கோட்டையின் இடது பக்கத்தில் சுருண்டு மேலே ஏறியது. கைதட்டினார்கள்.

பனிமூட்டம் மேலே ஏறாது.

எங்கள் மூட்டம் குளிர்ந்தது. தரையில் படுத்துக் கிடக்கும், காலைச் சுற்றும், அதோடு சரி. இது நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது. இடது பக்கத்தில்தான் மிச்சமிருந்த ஏணி. ஏணியின் அடியில், வானத்துக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு பெட்டியை 'டெம்பரரியா ரெண்டு நாள்' என்று வைக்க அனுமதித்தவனும் நானே. மூன்று வாரமாக, சுற்றியிருந்த நுரைப் பொதியைக்கூடப் பிரிக்காமல் அது அங்கேயே இருந்தது. பனிமூட்டம் விடுவதற்காகப் புகை மணியையும் அன்று அணைத்து வைத்திருந்தோம். புகையை வேடிக்கை பார்த்தவர்கள் முப்பது பேர். அது புகை என்று தெரிந்தவன் நான் ஒருவன்.

எத்தனை நொடி யோசித்தேன் என்று கேட்காதீர்கள். யோசித்தேன் என்பதே எனக்கு இன்றும் வெட்கம். மேனேஜரின் முகம், என் விசா, அந்த அழகான வானம் எல்லாம் வந்து போயின. பிறகு சுவிட்சை அடித்தேன்.

வானம் செத்துப்போனது. துணி, கம்பி, குழாய். இசை மட்டும் அசட்டுத்தனமாக ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார்கள். மேனேஜர் என்னை நோக்கி ஓடிவந்தார். நான் வாக்கிடாக்கியில் கத்திக்கொண்டிருந்தேன்.

"தூணு! எங்கடே இருக்க?"

"உச்சியில." இருமல். "அண்ணாச்சி, கீழ ஒண்ணுந் தெரியல. ஏணியக் காணல."

"ஏணிப் பக்கம் போவாத! நிழல் ஜன்னலுக்கு வா."

"அது பொம்மை ஜன்னல்லா அண்ணாச்சி... நான் எப்படிப் போவ?"

"போவலாம்டே. தாழ்ப்பாள் இருக்கு. வா!"

பதில் இல்லை. கருப்பையா தெருவில் நிறுத்தியிருந்த பொய் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினார். அங்கேதான் ஆள் தூக்கும் வண்டி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. "பாய், ஜல்தி! ஊப்பர், ஊப்பர்!" என்று, சீக்கிரம் மேலே தூக்கச் சொல்லி, வண்டி ஓட்டுகிறவரிடம் அவர் இந்தியில் கத்தியது எனக்குக் கேட்டது. அந்த மனுஷன் அவ்வளவு சத்தம் போட்டு அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. கருப்பையாவை ஏற்றிக்கொண்டு வண்டியின் கை மேலே எழுந்தது. எவ்வளவு மெதுவாக எழுந்தது என்று எனக்குத்தான் தெரியும். மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

அப்போது ஜன்னல் திறந்தது.

முதலில் ஒரு கை. பிறகு தலை. பிறகு ஒரு தோள் மட்டும், கோணலாக. அடுத்த தோள் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. கருப்பையா சொன்னபடியே, பயந்த ஆள் நேராக வரவில்லை. அவன் ஒருமுறை முறுக்கிக்கொண்டான், அந்தத் தோளும் வெளியே வந்தது.

நட்சத்திரத்தில் நின்றவர்களிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. நானும் அதைப் பார்த்தேன். இருபது மாடி உயரத்தில், உள்ளங்கையளவு ஜன்னலிலிருந்து, ஒரு பேருருவம் வெளியே வந்துகொண்டிருந்தது. கோட்டையில் பாதியளவு மனிதன். முகமெல்லாம் கரி. அவன் வந்த நொடியில் அந்த மாபெரும் தலைமையகம் ஒரு அட்டைப்பெட்டியாகச் சுருங்கிப்போனது. அவன் மட்டுமே பெரியவனாக இருந்தான். அவ்வளவு பெரிய ஆளை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

வண்டியின் தொட்டி அவன் மார்புக்குக் கீழே வந்து நின்றது. கருப்பையா அவனைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

தீ சின்னதுதான். பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். மேனேஜர் என்னை என்னென்னவோ கேட்டார், ஒன்றும் காதில் விழவில்லை. வந்தவர்களில் வயதான ஒரு அரபி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "அந்த ஆள் மூச்சு விடுகிறானா?" என்று கேட்டார். விடுகிறான் என்றேன். "கலாஸ்" என்று மேனேஜரைப் பார்த்துச் சொன்னார், அது போதும் என்று. மேனேஜர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். கருப்பையா பொய் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெட்டியை அங்கே வைக்க விட்டது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் அதையே மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

தூணை மருத்துவமனையிலிருந்து இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். நானும் கருப்பையாவும் பழம் வாங்கிக்கொண்டு அவன் ரூமுக்குப் போனோம். புகையில் அவனுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. எங்களைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தான். வலது தோளில் சட்டம் உரசிய இடத்தில் பெரிய கட்டு.

"அண்ணாச்சி" என்றான் கருப்பையாவைப் பார்த்து, காற்றாக. "சட்டை சரியா இருந்துச்சு."

மேடம் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் மறுபடி எரியவிட்ட அந்த வானத்துக்குக் கீழே, நட்சத்திரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் நிழலுக்குள் இருந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அண்டைக்கு நீங்கள் விட்டுத் தந்திருந்தா நான் வெண்டிருப்பன், அண்ணை" என்றார்.

ரோஷத்தில்தான் விடவில்லை என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார், அழுதபடியே. பிறகு அறைக்குப் போய், எல்லா வேலைகளுக்கும் பொதுவான வரைபடக் குறிப்பை எடுத்து, அவர் கையாலேயே அந்த வரியை எழுதினார். நீங்கள் சிரிக்கும் பொம்மை போட்டது அந்த வரிக்குத்தான். அந்த ஐம்பத்தாறில் ஐம்பத்திரண்டு தூணின் தோள். மீதி நாலு அவனுடைய பயம்.

கோட்டையைப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒருவர்கூட அந்த ஜன்னலைக் குறை சொல்லவில்லை. நான் ஓய்வுபெறுவதற்கு முன் ஒருநாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். நட்சத்திரத்தில் நின்று அண்ணாந்தேன். ஆறரை மணி வானம், அசையாத மேகம், மேலே போய்க்கொண்டே இருக்கும் கோபுரம். எனக்கு மட்டும் அதன் உச்சியில் இன்னும் ஒரு பேருருவம் கோணலாக வெளியே வந்துகொண்டிருந்தது.

அந்த வரியை எடுத்துவிடலாமா என்று இப்போது நீங்கள் குழுவில் ஓட்டெடுப்பு நடத்துவதாகப் பார்த்தேன். நடத்துங்கள். ஆனால் ஓட்டுப் போடுவதற்கு முன், உங்கள் மின் பட்டறையில் மூன்றாவது மேசைக்குப் போங்கள். நீங்கள் செல்வம் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மத்தியானம் மீன்குழம்பைப் பங்கு வைக்கிறவர், வலது கையை முழுசாகத் தூக்கமாட்டாரே, அவர்தான் தூண். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். நான் நேற்று போனில் கேட்டேன். குழுவில் நடப்பதைச் சொன்னதும் வெகுநேரம் சிரித்தான்.

"அண்ணாச்சி, நான் இப்ப நல்லா ஊதிட்டேன்" என்றான். "ஐம்பத்தாறு பத்தாது. கூட்டச் சொல்லுங்க."

என் ஓட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பத்தெட்டு.